புள்ளி வெள்ளையா, கறுப்பா?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதே ஆல்பத்தில், தோட்டத்து லயத்துக்கு முன்னால் எடுத்த படத்தில், வெளுத்த வானத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். யாரைக் கேட்டாலும் இரண்டையும் தூசி என்றுதான் சொல்வார்கள். தூசி ஒன்று என்றால் நிறம் ஏன் இரண்டாக வந்தது?

ஃபிலிம் கேமராவைத் திரும்பவும் கையில் எடுத்து, வீட்டுச் சமையலறையிலேயே ரோல் கழுவுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் ஒருவர் பெட்டியில் அச்சிட்ட குறிப்பை ஒரு வரி விடாமல் பின்பற்றிக் கழுவுகிறார். ரோலை வெளியே எடுத்தால் வானத்தில் கோடு, முகத்தில் வட்டம், ஓரத்தில் பால் நிறம். மருந்து கெட்டுவிட்டதா, கேமராவில் ஓட்டையா, தண்ணீர் சரியில்லையா? ஊகங்கள் வரிசையாக வரும். ஊகிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. தாம் எந்தக் கட்டத்தில் உண்டாயின என்பதற்கான தடயத்தைப் பெரும்பாலான குறைகள் ஃபிலிமிலேயே விட்டுச் செல்கின்றன. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஒரே தூசி, இரண்டு நிறம்

புள்ளியிலிருந்தே தொடங்குவோம். நெகடிவில் எல்லாம் தலைகீழ். ஒளி பட்ட இடம் கறுக்கும், படாத இடம் கண்ணாடியாகத் தெளிந்து நிற்கும். அதைப் பிரிண்ட் போடும்போது இன்னொரு முறை தலைகீழாகி, கண்ணால் கண்ட காட்சி திரும்பி வருகிறது.

கேமராவுக்குள் ஃபிலிமின் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால், படம் எடுக்கும் நொடியில் அது ஒளியை மறைக்கும். நெகடிவில் அந்த இடம் தெளிவாக நிற்கும். பிரிண்டில் கறுப்பாக விழும். அதே தூசி, கழுவி முடித்த நெகடிவின் மேல் வந்து உட்கார்ந்தால் கதை வேறு. இப்போது அது மறைப்பது பிரிண்ட் தாளுக்குப் போகும் ஒளியை. ஒளி படாத தாள் வெள்ளையாகவே இருந்துவிடும். ஆக, கறுப்புப் புள்ளி ஃபிலிம் கழுவி முடிவதற்குள் உண்டானது. வெள்ளைப் புள்ளி அதன் பிறகு வந்தது. வெள்ளைப் புள்ளிக்குப் பரிகாரம் எளிது. நெகடிவைத் துடைத்துவிட்டு இன்னொரு பிரிண்ட் போட்டால் போய்விடும். கறுப்புப் புள்ளி நெகடிவிலேயே பதிந்துவிட்டது.

கீறலுக்கும் இதே கணக்கைப் போடலாம். படம் இருக்கும் பக்கத்தில் கீறினால் அங்குள்ள வெள்ளியே உரிந்துபோகும். நெகடிவில் தெளிந்த கோடு, பிரிண்டில் கறுப்புக் கோடு. பளபளப்பான முதுகுப் பக்கத்தில் கீறினால் வெள்ளி உரியாது. கீறல் ஒளியைச் சிதறடிப்பதால் பிரிண்டில் வெள்ளைக் கோடு விழும்.

ஆகவே எந்தக் குறையைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது: நெகடிவில் இந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருக்கிறதா, தெளிந்திருக்கிறதா? கறுத்திருந்தால் அங்கே வேண்டாத ஒளியோ கூடுதல் மருந்தோ பட்டிருக்கிறது. தெளிந்திருந்தால் ஒளியோ மருந்தோ அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது அங்கிருந்த வெள்ளி உரிந்துவிட்டது.

டேங்குக்குள் நடப்பது

ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் பூச்சு. அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் புதைந்து கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்று சேர்ந்து நிற்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத இந்த மாற்றத்தை மறை உருவம் என்போம்.

ஃபிலிமை ஏற்றி வைத்த ஒளி புகாத டேங்கில் முதலில் ஊற்றுவது டெவலப்பர், தமிழில் உருத்துலக்கி. மறை உருவம் உள்ள படிகத்தை அது முழுவதுமாக உலோக வெள்ளியாக மாற்றிவிடும். பொடிப்பொடியாக இருக்கும் அந்த வெள்ளிதான் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. உருத்துலக்கியை அப்படியே விட்டுவைத்தால், ஒளி படாத படிகங்களையும் மெல்ல மெல்லக் கறுக்க வைக்கும். அதனால் சரியான நேரத்தில் அதை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்துவது அமிலம். உருத்துலக்கி காரத் தன்மையில்தான் வேலை செய்யும். நீர்த்த அசெட்டிக் அமிலம் பட்டதும் அடங்கிவிடும். கெடா தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு அமிலத்தின் வேலை புதிதல்ல. வாளியில் சேர்ந்த ரப்பர் பாலை உறைய வைக்க அசெட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் பயன்பட்டன. ஃபிலிமுக்கு ஒன்றிரண்டு சதவீதக் கரைசல் போதும்.

மூன்றாவது ஃபிக்ஸர், அதாவது நிலைநிறுத்தி. ஒளி படாமல் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்றுவது இதன் வேலை. ஹைப்போ என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் உப்புக்கு இந்தக் குணம் உண்டு என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுசொன்னார். இருபது ஆண்டுகள் கழித்துப் புகைப்படக்கலை பிறந்தபோதுதான் அதற்கு வேலை வந்தது. கடைசியாக நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும்.

உருத்துலக்கி, அமிலம், நிலைநிறுத்தி, அலசல் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் பிழைபடும்.

படத்தை விட்டு ஓரத்தைப் பாருங்கள்

ரோலை வெளியே எடுத்ததும் எல்லாரும் பார்ப்பது படங்களைத்தான். குறை தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தை. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் இரு ஓரங்களிலும் பல்சக்கரத் துளைகள் உண்டு. துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் எண்களும் இருக்கும். அவற்றைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்திருக்கிறார்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளி அந்த ஓரத்தில் படுவதில்லை. உங்கள் கேமரா எப்படிப்பட்டதாக இருந்தாலும், நீங்கள் ஒளியை எப்படி அளந்திருந்தாலும் அந்த எண்களுக்குக் கிடைத்த ஒளி மாறாது. ஒவ்வொரு ரோலுடனும் இலவசமாக வரும் ஒப்பீட்டுச் சோதனை அது.

எண்கள் நன்றாகக் கறுத்திருந்து, படங்கள் மட்டும் மங்கலாக இருந்தால் கழுவியதில் பிழையில்லை. எடுக்கும்போதே ஒளி குறைவு. எண்களும் படங்களும் சேர்ந்து மங்கியிருந்தால் உருத்துலக்கியில் கோளாறு. நேரம் போதவில்லை, அல்லது மருந்தின் வீரியம் போய்விட்டது. எண்கள் இருக்கின்றன, படம் ஒன்றுகூட இல்லை என்றால் ரோல் கேமராவுக்குள் நகரவேயில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களே இல்லாமல் பட்டை முழுவதும் கண்ணாடியாக இருந்தால் உருத்துலக்கி செத்திருக்கிறது, அல்லது நிலைநிறுத்தியை முதலில் ஊற்றியிருக்கிறார்கள். ஓரம் உள்பட எல்லாமே கறுத்திருந்தால் ரோலின் மேல் வெளிச்சம் பட்டுவிட்டது.

ஒரு தனிக் குறையைப் பார்க்கும்போதும் ஓரம் உதவும். கறை படச் சட்டத்தின் எல்லையில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டால் அது லென்ஸ் வழியே வந்தது. எல்லையைத் தாண்டி ஓரத்துத் துளைகள்வரை போனால் லென்ஸுக்கு அதில் பங்கில்லை. கேமராவின் பின்கதவிலோ, கழுவுவதற்காக ரோலை ரீல் என்ற சுற்றுச் சட்டத்தில் ஏற்றும்போதோ, டேங்குக்குள்ளோ நடந்தது அது.

20 டிகிரி எந்த ஊர் வெப்பம்?

ஏறக்குறைய எல்லாக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களின் கழுவும் நேரமும் 20 டிகிரி செல்சியஸுக்கே அச்சிடப்பட்டிருக்கும். குளிர் நாட்டில் குழாயைத் திருகிக் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் கிடைத்துவிடும் வெப்பம் அது. அலோர் ஸ்டாரில் கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 28, 29 டிகிரியில் இருக்கும். நண்பகல் காற்று 32, 33 வரை போகும்.

இந்தச் சிக்கல் இந்தக் கரைக்குப் பழையது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் மலாக்கா நீரிணைப் பகுதிக்கு வந்தார். பினாங்கிலும், அதற்கு எதிரே கெடா சுல்தானகம் 1800இல் விட்டுக்கொடுத்த நிலப்பகுதியான இன்றைய செபராங் பிறையிலும் பத்து மாதம் படமெடுத்தார். பிரிண்ட் போடவும் உதவி செய்யவும் மதராஸ்காரர்கள் இருவரைப் பழக்கிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்தப் பசையைக் கரைத்து வைத்திருந்த ஈதர் சுமார் 35 டிகிரியில் கொதித்துவிடும். நம் ஊர் உச்சிவெயில் அந்தக் கொதிநிலையை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. வெப்பத்தோடு மல்லுக்கட்டிய அந்தத் தொழிலில், மதராஸ்காரர்களின் கைகளும் தொடக்கத்திலேயே இருந்திருக்கின்றன.

வெப்பம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, வேதிவினையை விரட்டுகிறது. ஒரு டிகிரி ஏறினால் கழுவும் நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இரண்டாவது, ஜெலட்டினை ஊதவைக்கிறது. ஊறிய ஜவ்வரிசியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை தெரியும்: பருத்து, இளகி, விரல் பட்டாலே நசுங்கும். வெதுவெதுப்பான மருந்தில் இருக்கும் ஃபிலிமின் முகம் அப்படித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நகம் பட்டாலும் கீறல்தான். திடீரென்று சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றினால் ஜெலட்டின் சுருங்கி, வலைபோல நுண்ணிய வெடிப்புகள் விழும். இன்றைய ஃபிலிம்களைத் தொழிற்சாலையிலேயே இறுக்கி அனுப்புவதால் இந்த வலைவெடிப்பு அபூர்வமாகிவிட்டது. முன்பெல்லாம் வெப்ப நாடுகளுக்கென்று தனி உருத்துலக்கியே இருந்தது. கோடாக்கின் டி.கே.-15 அவற்றில் ஒன்று. அதில் சோடியம் சல்ஃபேட்டைத் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். கரைசலில் உப்பு மிகுந்திருந்தால் ஜெலட்டினுக்குள் தண்ணீர் புகுவது குறையும், ஊதலும் குறையும்.

வானத்தில் வரிகள்: ஒரு ரோலை எடுத்துக்கொள்வோம்

அலோர் ஸ்டாருக்கு வெளியே கெரியாங் குன்று நெல் வயல்களுக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கிறது. சுண்ணாம்புக் கல் குன்று. கீழே பச்சை, நடுவில் கறுத்த குன்று, மேலே விரிந்த வானம். கறுப்பு வெள்ளைக்கு ஏற்ற காட்சி. அதை ஒருவர் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் ஃபிலிமில் எடுத்து, ஐ.டி.-11 உருத்துலக்கியை நீர்க்காமல் ஊற்றிக் கழுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் இதற்கு ஏழரை நிமிடம். இவருடைய கரைசல் 29 டிகிரியில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கை ஒன்பது முறை போட்டு, ஏறக்குறைய மூன்று நிமிடம் என்று கண்டுகொள்கிறார். நேரம் குறைவாயிற்றே என்று டேங்கை விடாமல் பலமாகக் குலுக்குகிறார்.

படங்கள் வந்துவிட்டன. கறுப்பும் வெளுப்பும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. ஆனால் பிரிண்ட் போட்டால், வானத்தின் மேல் விளிம்பிலிருந்து வெளிறிய வரிகள் சீப்புப் பல்லாக இறங்குகின்றன. எங்கிருந்து வந்தன?

நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலே ஒரு ஸ்கேலை வையுங்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. ஒரு படத்தின் நீளத்துக்கு எட்டு வரிகள் வருகின்றன. துளைகளின் இடைவெளி 4.75 மில்லிமீட்டர், ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள். ஒவ்வொரு வரியும் ஒரு துளைக்கு நேராகத் தொடங்குகிறது. ஆகவே துளைகளுக்கும் வரிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதியாகிவிட்டது.

துளை வழியாக ஒளி புகுந்திருக்கலாமோ? பிரிண்டில் வெளிறியிருப்பதால் நெகடிவில் இந்த வரிகள் கறுத்தவை. ஒளியும் கறுக்க வைக்கும், கூடுதல் மருந்தும் கறுக்க வைக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஓரம் வருகிறது. துளைகளுக்கு இடையே உள்ள ஓரம் தெளிவாக இருக்கிறது. எண்கள் தவிர அங்கே கறுப்பே இல்லை. ஒளி புகுந்திருந்தால் முதலில் கறுத்திருக்க வேண்டியது அந்த ஓரம்தான். உருத்துலக்கி எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், மறை உருவம் இல்லாத இடத்தில் இந்த மூன்று நிமிடத்துக்குள் கறுப்பை உண்டாக்கிவிட முடியாது. ஆகவே ஒளி காரணமில்லை.

இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ஒரு படத்தில் மரத்தின் அடர்ந்த நிழல் மேல் விளிம்பைத் தொடுகிறது. அங்கே துளைகள் இருக்கின்றன, வரிகள் இல்லை. வானம் தொடங்கும் இடத்தில் வரிகளும் தொடங்குகின்றன. ஒளி நன்றாகப் பட்ட இடத்தை மட்டும் மிகைப்படுத்துவது உருத்துலக்கியின் செயல்.

இனி ஒரு கேள்விதான் பாக்கி. குலுக்கல் கூடியதாலும் துளைகளுக்கு நேராக வரி விழும், குறைந்ததாலும் விழும். கூடினால் கரைசல் துளைகள் வழியே பீறிட்டுப் பாய்ந்து, துளையை ஒட்டிய இடத்துக்குப் புது மருந்தை அதிகமாகக் கொண்டுபோகும். குறைந்தால் வேறொன்று நடக்கும். வினையின்போது வெளியாகும் புரோமைடு உருத்துலக்கியை மந்தப்படுத்தும் பொருள். டேங்கை அசைக்காமல் வைத்தால் அது ஃபிலிமின் முகத்தை ஒட்டியபடி கீழே வழிந்து வரிகளை விடும். வழிவதற்கு ஒரே திசைதான். அதனால் அந்த வரிகள் டேங்கில் மேலே இருந்த ஓரத்திலிருந்தே இறங்கும். நம் நெகடிவிலோ வானத்துப் பக்கம் பளிச்சென்றும், நெல் வயல் பக்கம் மங்கலாகவும், இரு ஓரங்களிலும் வரிகள் இருக்கின்றன. ஆகவே காரணம் பலமான குலுக்கல்.

குலுக்கலை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அதைப் பெரிதாக்கிக் காட்டியது அந்த மூன்று நிமிடம். ஊற்றிய முதல் அரை நிமிடத்தில் கரைசல் எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. சில இடங்கள் முந்திக்கொள்ளும். நேரம் நீளமாக இருந்தால் பிந்திய இடங்கள் மெல்ல வந்து சேர்ந்துவிடும். 13 நிமிடம் கழுவும் ரோலில் அந்த அரை நிமிடம் இருபத்தாறில் ஒரு பங்கு. மூன்று நிமிடம் கழுவும் ரோலில் ஆறில் ஒரு பங்கு. கரைசலை ஊற்றவும் வடிக்கவும் பதினைந்து நொடி பிசகினால் 13 நிமிடத்தில் அது இரண்டு சதவீதம். மூன்று நிமிடத்தில் எட்டு சதவீதம். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த கழுவு நேரத்தைத் தவிர்க்கச் சொல்லும் பழைய அறிவுரைக்குக் காரணம் இதுதான்.

ஆகவே வெப்பம் படத்தைக் கெடுக்கவில்லை. நேரத்தைக் குறுக்கியது. குறுகிய நேரம் கையின் சிறு பிசகையெல்லாம் வானத்தில் எழுதிவிட்டது.

நேரத்தை மீட்பது எப்படி?

குறுகிய நேரத்தை நீட்ட இரண்டு வழிகள். கரைசலை நீர்ப்பது ஒன்று. ஐ.டி.-11ஐச் சம அளவு தண்ணீரில் கலந்தால் இதே ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம் ஆகும். ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் 20 நிமிடம். நீர்த்த கரைசலை ஒரு ரோலோடு கொட்டிவிட வேண்டும். அடுத்ததற்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, குளிரவைப்பது. 20 டிகிரிவரை இறக்க வேண்டிய அவசியம் இல்லை, 24 போதும். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அதில் போடுங்கள். மருந்துப் புட்டிகளும் டேங்கும் அந்தத் தண்ணீரில் நிற்கட்டும். ஐஸை மருந்திலேயே போட்டால் உருகி மருந்தின் அளவைக் குலைத்துவிடும். தெர்மாமீட்டரைப் பேசினில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உருத்துலக்கிக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும்.

சம அளவு தண்ணீர் கலந்த ஐ.டி.-11க்கு, பத்தில் ஒரு பங்குக் கணக்கின்படி, 24 டிகிரியில் சுமார் எட்டரை நிமிடம் வரும். 26இல் ஏறக்குறைய ஏழு நிமிடம். ஐஸே இல்லாமல் 29இல் கழுவினாலும் ஐந்து நிமிடம் கிடைக்கும். முன்பு மூன்றாக இருந்தது இப்போது ஐந்து. ஆனால் சில டிகிரிகளைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. உருத்துலக்கியில் உள்ள மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்ற இரு பொருள்களும் வெப்பத்துக்கு ஒரே அளவில் விரைவதில்லை. சூடு ஏற ஏறக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசமும் மாறும். சோதனை ரோலில் பார்த்துத்தான் நேரத்தை உறுதி செய்ய வேண்டும்.

குலுக்கலுக்கும் அளவு உண்டு. முதல் பத்து நொடியில் டேங்கை நான்கு முறை நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அப்படியே. கடைசி அலசலுக்கு 29 டிகிரிக் குழாய்த் தண்ணீருக்கு ஒரேயடியாகப் போகாமல், நடுவில் 26 டிகிரித் தண்ணீர் ஒன்றை வைத்தால் ஜெலட்டினுக்கு அதிர்ச்சி இருக்காது.

வட்டமும் பாலும்

வரிக்கு அடுத்தபடியாக அடிக்கடி வரும் குறை வட்டம். நெகடிவில் விளிம்பு கூர்மையான சிறு தெளிவட்டம். பிரிண்டில் கறுப்பு வட்டம். தூசிக்கு இவ்வளவு ஒழுங்கான வடிவம் வராது. உருத்துலக்கி ஊற்றியபோது ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி அது. குமிழி நின்ற இடத்துக்கு மருந்து போகவில்லை. ஊற்றியதும், ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும், டேங்கின் அடியை மேசையில் ஒன்றிரண்டு தட்டுத் தட்டினால் குமிழிகள் விடுபட்டு மேலே போய்விடும்.

ஃபிலிம் பால் பூத்ததுபோல் மங்கலாக இருந்தால் அது நிலைநிறுத்தியின் குறை. கரையாத வெள்ளி உப்பு உள்ளே நிற்கிறது. டேங்குக்குள் நேரும் குறைகளில் இது முழுதாகத் தீரக்கூடியது. புது நிலைநிறுத்தியில் இன்னொரு முறை போட்டால் தெளிந்துவிடும். வெளிச்சத்தில் விட்டுவைத்தால் அந்த உப்பு மெல்லக் கறுக்கும் என்பதால் அன்றைக்கே செய்துவிடுவது நல்லது. நிலைநிறுத்தி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ரோலின் முனையில் வெட்டி எறியும் துண்டு போதும். அதை நிலைநிறுத்தியில் போட்டு, எத்தனை நொடியில் கண்ணாடியாகத் தெளிகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ரோலுக்கு வேண்டும். மருந்து புதிதாக இருந்தபோது பிடித்த நேரம் இரட்டித்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. முடிந்த நிலைநிறுத்தியில் கரைந்த வெள்ளி இருக்கிறது. நீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. வயல் வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் ஊற்றாமல், தனிக் கேனில் சேர்த்து இரசாயனக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

ஒரு படத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஒழுங்கற்ற பால்திட்டு இருந்தால், ரீலில் ஏற்றும்போது ஃபிலிமின் இரு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இடத்தில் எந்த மருந்தும் புகவில்லை. பிறைநிலா வடிவத்தில் தழும்பு இருந்தால், இருட்டில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கி நெரிந்த இடம் அது. ஈரக் காற்றில் வியர்த்த விரல்களும் ஈரமான ரீலும் இந்த இரண்டுக்கும் வழி செய்யும். ரீல் எலும்பாகக் காய்ந்திருந்தால் ஃபிலிம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

காயும்போதும் காய்ந்த பிறகும்

கழுவி முடித்த பிறகும் வேலை முடியவில்லை. துளித்துளியாக நின்று காயும் தண்ணீர், தன்னில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை வளையமாக விட்டுச் செல்லும். கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்து, அதில் இரண்டொரு சொட்டு ஈரமூட்டி கலந்தால் தண்ணீர் துளியாகத் திரளாமல் படலமாக வழிந்துவிடும்.

அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் எரிக்கும் நாள்களில் கெடா சமவெளியின் காற்றில் கரித்தூள் மிதக்கும். அப்போது ஜன்னலோரத்தில் ஃபிலிமைக் காயப்போட்டால் ஈர ஜெலட்டின் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். மூடிய குளியலறையே நல்ல இடம். குளித்து முடித்த பிறகு அங்குள்ள தூசி அடங்கியிருக்கும். விசிறி வேண்டாம்.

ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. பூஞ்சைக்கு அது விருந்து. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் நெகடிவின் மேல் வேர்போலக் கிளைவிட்டுப் பூஞ்சை படரும். இறுக மூடும் டப்பாவும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும்; நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பவும் போடலாம். பழைய நெகடிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால், அசெட்டேட் பிளாஸ்டிக்கே சிதைந்து அமிலம் விடத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

குறையைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தோன்றும். புது மருந்து, புது ஃபிலிம், ஐஸ், மெதுவான குலுக்கல் எல்லாம் சேர்ந்து அடுத்த ரோல் சுத்தமாகவும் வந்துவிடலாம். ஆனால் எது காப்பாற்றியது என்று தெரியாது. அடுத்த முறை அந்தக் குறை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும்.

இதற்குச் சிக்கனமான சோதனை ஒன்று உண்டு. ஒரு ரோல் முழுவதும் மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரே அளவில் எடுங்கள். இருட்டில் அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை 29 டிகிரியில் பலமாகக் குலுக்கிக் கழுவுங்கள். மறு பாதியை அதே வெப்பம், அதே மருந்து, அதே நேரத்தில் மெதுவாகக் குலுக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் குலுக்கலின் பங்கு எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அடுத்த ரோலில் குலுக்கலை மாற்றாமல் வெப்பத்தை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மருந்தின் வெப்பம், நீர்த்த அளவு, நேரம், குலுக்கிய விதம், ஓர எண்களின் கறுமை என்று ஐந்து விவரங்களைக் குறித்து வையுங்கள்.

இப்படிச் சில ரோல்கள் போனால், எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படாத அட்டவணை ஒன்று உங்கள் கையில் இருக்கும். அது 20 டிகிரியில் தொடங்காது. உங்கள் வீட்டுக் குழாயின் வெப்பத்தில் தொடங்கும். சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ இருக்கும் இன்னொருவர் அதைத் தன் வீட்டுத் தண்ணீரில் அப்படியே சோதித்துப் பார்த்து, சரி என்றோ பிழை என்றோ சொல்ல முடியும். இன்னொருவர் சோதித்துச் சொல்லக்கூடியபடி எழுதி வைத்த அனுபவத்தைத்தான் நாம் அறிவியல் என்கிறோம். கெடாவின் வெயிலுக்கான அட்டவணையைக் கெடாவில் இருப்பவர்கள்தான் எழுத முடியும்.